நாலரை

மீட்டரில் நாலரை.
சுவர்க் கடிகாரத்திலும் நாலரை, விடிகாலை.
இந்தப் பொருத்தத்தை மினாருலிடம் சொன்னேன்.
கொட்டாவி விட்டான்.

எண்ணெய் எடுத்த சோயா மாவு
நேற்றிரவே காரத் தண்ணீரில் கரைந்துவிட்டது.
சக்கை சுழன்று வெளியே போயிற்று.
மிச்சம் மோர் நிறம்.
இப்போது அமிலம், சொட்டுச் சொட்டாய்.
எட்டு. ஏழு. ஆறு.
ஐந்தில் ஒரு தயக்கம்.
நாலரையில்
இதுவரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துகள்களுக்குத்
தள்ளக் காரணம் தீர்ந்துபோகிறது.
கட்டி கட்டியாய்ச் சேர்ந்து
அடியில் போய் உட்கார்கின்றன.

புக்கிட் கெலாடியில் இதே கூரையின் கீழ்
முன்பும் உறைய வைத்தார்களாம்,
வேறு பால், வேறு அமிலம்.
தகரத்தில் ‘பால் ஸ்டோர்’ என்ற எழுத்து இன்னும் தெரிகிறது.
பெயின்ட் அடிக்க இயோ முதலாளிக்கு மனசில்லை.
எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை.
நான் பிறந்தது அடுக்குமாடியில்,
லிஃப்ட் கெட்டுப்போன ஆறாவது மாடியில்.

கட்டியைக் கழுவி, புளிப்பை முறித்து,
உயரக் கோபுரத்தின் சூடான காற்றில் பீய்ச்சினால்
கீழே விழுவது பவுடர்.
மூட்டை இருபது கிலோ.
பாதி, நகெட்காரனுக்கும் மீன் உருண்டைக்காரனுக்கும்.
அங்கே அதற்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் உத்தியோகம்,
பொட்டலத்தின் முதுகில் எறும்பெழுத்தில் பெயர்.
மீதி என் எந்திரத்துக்கு.

நீளக் குழாய், உள்ளே திருகு,
நூற்று நாற்பது டிகிரி.
நசுங்கி, இளகி, ஒரே பக்கமாய் இழுபட்டு
சின்ன வாயைத் தாண்டியதும்
உள்ளிருந்த தண்ணீர் படீரென்று ஆவியாகி ஓட,
நார் நாராய், துளை துளையாய்,
எலும்பையே பார்க்காத சதை.

சனிக்கிழமைக்கு நம் ஆட்கள்,
ஒன்பது நாளுக்கு மஞ்சள் கொடி கட்டிய சீனர்கள்.
இரண்டும் ஒரே மாதத்தில் வந்து விழும்.
புரட்டாசியில் நாங்கள் விரதமிருப்பது தூக்கத்துக்கு.

போன சனி, கேட்டில் ஓர் அம்மாள்.
ஏகவல்லி என்று பேர்.
கையில் எங்கள் ‘சைவ ஆடு’, பாதி தின்ற பொட்டலம்.
“நார் இருக்கு. பல்லிடுக்குல மாட்டுது.
சத்தியமா சொல்லு, இது ஆடுதானே?
என் விரதம் கெட்டுச்சா இல்லையா,
அத மட்டும் சொல்லு.”

வெளியாள் உள்ளே வரக்கூடாது.
எந்திர வாயிலிருந்து நாலு காய்ந்த துண்டு கொண்டு வந்தேன்.
ஜாகாவின் கோப்பிக் குவளையில் வெந்நீர்.
பத்து நிமிடம் குனிந்து பார்த்தபடி நின்றோம்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி மூன்று போயின.
ஊதிற்று. பிழிந்தேன். கொடுத்தேன்.

“ருசியே இல்ல.”
இல்லைதான்.
“அப்ப அந்த ஆட்டு வாசனை?”
ஈஸ்ட், வெங்காயத் தூள், மிளகு, கொஞ்சம் காளான்.
மிச்சத்தை உங்க நாக்கு போட்டுக்குது, என்றேன்.
மேனேஜர் முன்னால் வராத தைரியம்
கேட்டுக்கு வெளியே எப்படியோ வந்துவிடுகிறது.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
மென்றுகொண்டே இருந்தாள்.
ருசியில்லாத ஒன்றை
அவ்வளவு கவனமாய் மென்ற ஆளை நான் பார்த்ததில்லை.
அப்புறம் குரலை இறக்கி,
“ஸ்டாஃப் விலை எவ்வளவும்மா?”

திரும்பி வந்தால் எந்திரம் அடைத்துக் கிடக்கிறது.
மினாருல் ஸ்குரூடிரைவரால் குத்திக்கொண்டிருக்கிறான்,
அவன் ஊர் வசவுகளோடு.
வாயில் பாதி வந்து நின்ற முழத் துண்டு,
ஆடுமில்லை, அவரையுமில்லை,
சூடு மட்டும் நிஜம்.
உருவி எடுத்தேன்.
எடை போட்டேன்.
நோட்டில் ‘கழிவு’ என்ற கட்டத்தில் எழுதினேன்:
எழுநூற்று இருபது கிராம்.